சில்லைக்குச் சில்லை அடையாளம்

காற்றே இல்லாதபோது புல்கதிர் ஒன்று மட்டும் தலைசாய்ந்தால், அதில் ஒரு சில்லை தொற்றிக்கொண்டிருக்கும். ஊர்ப்புறத்தில் பொதுவாகத் தினைக்குருவி என்பார்கள். ஆனால் இவற்றில் பல இனங்கள் உண்டு. நெருங்கிய உறவான இரண்டு, புள்ளிச் சில்லையும் வெண்முதுகுச் சில்லையும்.

இரண்டும் சிட்டுக்குருவியைவிடச் சிறியவை. புல்விதையை நசுக்கி உமி நீக்கத் தோதான தடித்த கூம்பு அலகு. பக்கவாட்டில் வாசல் வைத்த பந்துபோன்ற புல்கூடு. புள்ளிச் சில்லையை முன்பக்கம் பார்க்க வேண்டும்: செம்பழுப்புத் தொண்டை, அதன்கீழ் வெள்ளையில் மீன்செதில் அடுக்கியது போன்ற பழுப்புக் கோடுகள். மற்றதைப் பின்பக்கம் பார்க்க வேண்டும்: பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை பளிச்சிடும். அதன் மார்பு கரும்பழுப்பு, வயிறு வெளுப்பு, வால் கூர்மை. புள்ளிச் சில்லையின் இளம்பறவைக்குச் செதிலே இருக்காது, வெறும் பழுப்புதான். புதிதாகப் பறவை பார்ப்பவர்கள் இதில்தான் திணறுவார்கள். ஆண், பெண் நிறத்திலும் வித்தியாசமில்லை. பாடினால் அது ஆண்.

அந்தப் பாட்டில்தான் சுவாரசியம். 18-ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுபோய் வளர்க்கப்பட்ட வெண்முதுகுச் சில்லைகளின் வழித்தோன்றல்தான், இன்று கூண்டுகளில் இருக்கும் பெங்காலீஸ் ஃபிஞ்ச். நிறத்துக்காகவும் குஞ்சு வளர்க்கும் திறமைக்காகவும் தேர்ந்து பெருக்கினார்கள். பாட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் பாட்டு மாறிவிட்டது. காட்டுப் பறவை சுரங்களைப் பெரும்பாலும் ஒரே வரிசையில் பாடும். கூண்டுப் பறவையோ வரிசையை மாற்றி மாற்றிப் போடும்.

ஏன்? ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒகனோயாவின் குழு தைவானில் காட்டுப் பறவைகளின் பாட்டைப் பதிவுசெய்து ஒப்பிட்டது. புள்ளிச் சில்லைகளோடு அதிகம் கலந்து திரியும் இடங்களில் வெண்முதுகுச் சில்லையின் பாட்டு எளிமையாக இருந்தது. உறவுக்காரக் கூட்டத்துக்கு நடுவே பெட்டை தன் இனத்து ஆணைத் தவறாமல் கண்டுகொள்ள வேண்டும். பாட்டில் விளையாட அங்கே இடமில்லை. கூண்டில் அந்தக் குழப்பமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. இது அவர்கள் தரும் விளக்கம். எனக்கு நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

பெங்காலீஸ் கூண்டிலேயே பிறந்து வளரும் பறவை. ஆனால் பச்சை, சிவப்புச் சாயம் பூசி விற்கப்படும் சில்லைகள் வயல்களிலும் புதர்களிலும் வலைவீசிப் பிடித்தவை. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். குழந்தை அடம்பிடித்தாலும் வாங்காதீர்கள்.