மூலை ஹார்ன்: பலகைக் கணக்கும் வாட் கணக்கும்

கல்யாண வீட்டு வாசலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரின் வாய் ஒன்றரை அடி விட்டம் என்றால், சுற்றளவு 1.44 மீட்டர். ஹார்ன் எவ்வளவு தாழ்ந்த ஒலி வரை வேலை செய்யும் என்பதைப் பெரும்பாலும் இந்தச் சுற்றளவுதான் முடிவு செய்கிறது. அலையின் நீளம் அதைத் தாண்டினால் ஹார்ன் கைவிட்டுவிடும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது; 1.44-ஆல் வகுத்தால் 238 ஹெர்ட்ஸ். நாகஸ்வரம் தெருக்கோடி வரை கேட்க, தவிலின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பி மட்டும் எடுபடாமல் போவதற்கு இதுவே காரணம்.

தொப்பியும் கேட்க வேண்டும், 50 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும் என்று வீட்டில் பெட்டி செய்யக் கிளம்புகிறவர் முதலில் சந்திப்பது 6.86 மீட்டர் அலைநீளம். அந்தச் சுற்றளவுள்ள வாயின் பரப்பு 3.75 சதுர மீட்டர். 12 அங்குல ஸ்பீக்கருக்கு, ஹார்னின் குறுகிய முனையான தொண்டை 350 சதுர செ.மீ. என்று வைத்தால், அடுக்குக்குறி முறையில் விரியும் ஹார்னின் பரப்பு 37.8 செ.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். நீளம் 2.55 மீட்டர் ஆகும். உள்ளே அடங்கும் காற்று 2,025 லிட்டர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்ததுபோல.

வீட்டுச் சுவர்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. பெட்டியைத் தரையில் வைத்தால் தேவையான வாய் பாதியாகும். சுவரோரம் ஒட்டினால் கால். மூலையில் நிறுத்தினால் அரைக்கால். மூலையில் வாய் 0.47 சதுர மீட்டர், நீளம் 1.42 மீட்டர், காற்று 236 லிட்டர். எந்தக் கடையிலும் இப்படி எட்டில் ஒரு பங்கு விலைக்குத் தள்ளுபடி கிடையாது.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் 1946-இல் நிறுவனம் தொடங்கிய பால் க்ளிப்ஷ் இந்தத் தள்ளுபடியைத்தான் பெட்டியாக்கி விற்றார். ஸ்பீக்கர் கூம்புக்குப் பின்னால் மூடிய அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு சூத்திரம் உண்டு: தொண்டைப் பரப்பு, பரப்பு இரட்டிக்கும் நீளம், இரண்டையும் பெருக்கி மேலும் 2.9-ஆல் பெருக்குவது. நம் பெட்டிக்கு 38 லிட்டர் வருகிறது.

இனி மரக்கடை. மடித்த பாதை, உள்தடுப்புகள், முட்டுச் சட்டங்கள், வெட்டுக் கழிவு எல்லாம் சேர்த்து எட்டுக்கு நான்கு அடி, 18 மி.மீ. பிளைவுட் இரண்டரை ஷீட் பிடிக்கும்: 80 சதுர அடி. சதுர அடி 100 ரூபாய் என்று வைத்தால் 8,000. ஒரு ஷீட் சுமார் 35 கிலோ. முடிந்த பெட்டியை ஒருவர் தனியாக நகர்த்த முடியாது. அதே ஸ்பீக்கரை 60 லிட்டர் சாதாரண மூடிய பெட்டியில் வைத்தால் 12 சதுர அடி, 1,200 ரூபாய். வித்தியாசம் 6,800.

இடத்துக்கும் விலை உண்டு. இரு சுவரிலும் 80 செ.மீ. ஓடும் முக்கோணம், உயரம் 1.2 மீட்டர். தரையில் அடைப்பது 3.4 சதுர அடி. சென்னை அடுக்குமாடியில் சதுர அடி 7,000 என்று பேச்சுக்கு வைத்தால்கூட 24,000 ரூபாய். பிளைவுட்டைவிட மூன்று மடங்கு. இந்த வரியை யாரும் தங்கள் செலவுப் பட்டியலில் எழுதுவதில்லை.

வரவு என்ன? ஒழுங்காகச் செய்த ஹார்ன் சாதாரணப் பெட்டியைவிட 10 டெசிபெல் கூடுதலாகத் தரும் என்று கொள்வோம். அதாவது 100 வாட் செய்யும் வேலையை 10 வாட் செய்யும். க்ளிப்ஷின் மூலை ஹார்னான க்ளிப்ஷ்ஹார்னுக்கு அவரது நிறுவனம் சொல்லும் அளவு ஒரு மீட்டரில் 105 டெசிபெல். 88 டெசிபெல் பெட்டியோடு ஒப்பிட்டால் 17 கூடுதல், திறனில் 50 மடங்கு. வால்வு ஆம்ப்ளிஃபயரில் பத்து வாட் எடுப்பதே பெரிய காரியமாக இருந்த காலத்தில் இது கொள்ளை லாபம். இன்று 100 வாட் போர்டு ஆயிரம் ரூபாய் என்றால் டெசிபெலுக்கு 100 ரூபாய். ஹார்ன் வழியில் 680. வாட்டை மிச்சப்படுத்த ஹார்ன் செய்கிறேன் என்பவரிடம் கடன் கொடுக்க நான் யோசிப்பேன்.

ஆனால் இன்னொரு பத்தி இருக்கிறது. சாதாரணப் பெட்டியில் 12 அங்குலக் கூம்பு 100 ஹெர்ட்ஸில், ஒரு மீட்டரில் 100 டெசிபெல் தர, இருபுறமும் 0.7 மி.மீ. ஆட வேண்டும். அதே ஒலித்திறனை நம் ஹார்ன் வழியே தரும்போது ஆட்டம் 0.1 மி.மீ. ஆட்டம் குறையக் குறைய உருக்குலைவும் குறைகிறது. 6,800 ரூபாய் இந்த 0.6 மில்லிமீட்டருக்கான விலை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகும். அது அதிகமா என்பது அவரவர் காது.

ஸ்டீரியோவுக்கு ஒரே சுவரில் இரண்டு மூலை வேண்டும், இரண்டிலும் கதவு இருக்கக் கூடாது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். அந்த ஒன்றில் ஹார்னை நிறுத்தி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஓட்டலாம். காதுக்கு அங்கே திசை அவ்வளவாகத் தெரியாது. மேலே உள்ளதைச் சாதாரணப் பெட்டிகள் பார்த்துக்கொள்ளும். 1.42 மீட்டர் பாதையால் ஹார்னின் ஒலி 4 மில்லிநொடி பிந்தி வரும். மற்றவற்றை அதே அளவு தாமதப்படுத்த வேண்டும். அவற்றோடு சமன்செய்ய ஹார்னை 10 டெசிபெல் குறைத்துவைக்கவும் வேண்டும்.