பேருந்தில் போய் இறங்கி மலையேறுவோம்
செஞ்சியின் கற்பாதைகள் சொல்லும் வரலாறு

விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, ‘எங்கே போகலாம்?’ என்பதுதான். ஊட்டி, கொடைக்கானல் என்று பிள்ளைகள் ஆசையோடு பெயர்களை அடுக்குவார்கள். வண்டி வாடகை, விடுதிச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று குடும்பத் தலைவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அந்தப் பேச்சே அடங்கிப் போகும். பெரியவர்கள் ஓய்வென்று வீட்டில் இருந்துவிட, பிள்ளைகள் கைப்பேசித் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வாழும் நமக்கு இந்தக் குறை இருக்க வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்தில் ஏறினால் சுமார் 28 கிலோமீட்டரில் செஞ்சி. விழுப்புரத்திலிருந்து வருவோருக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு, மலையேறி, மாலையில் வீடு திரும்பிவிடலாம். பேருந்துக் கட்டணமும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சோறுமே பெரிய செலவு. திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில்தான் ஓடுகிறது. எத்தனையோ முறை அந்தப் பேருந்தில் பயணம் செய்தும், ஒரு முறையேனும் அங்கே இறங்கிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மூன்று மலைகள், ஒரு கோட்டை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று பாறைக் குன்றுகளையும் நீண்ட மதிலால் பிணைத்துக் கட்டப்பட்டது செஞ்சிக் கோட்டை. ராஜகிரி தரையிலிருந்து சுமார் 800 அடி உயரம். வழி நெடுகக் கற்படிகளும் வாயில்களும் உண்டு. உச்சிக்கு முன்னே மலையைப் பிளந்தாற்போல் ஓர் ஆழ்ந்த பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் இட்ட பாலத்தைக் கடந்தால்தான் மேற்கோட்டைக்குள் நுழைய முடியும். அந்தப் பாலத்தை அகற்றிவிட்டால் கீழிருந்து வரும் படை எவ்வளவு பெரிதாயினும் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

இந்த மலையின் அருமையை அறிந்த அரசுகள் பல. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் இதனை விரிவாகக் கட்டினர். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை கைப்பற்றியது. 1677இல் சிவாஜியின் வசமாயிற்று. பின்னர் அவருடைய மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புக, ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்ததோ 1698இல்தான். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் இதனைக் கைக்கொண்டனர். பீஜப்பூரார் ‘பாதுஷாபாத்’ என்றும், மொகலாயர் ‘நுஸ்ரத்கட்’ என்றும் பெயர் மாற்றினர். ஆயினும் மக்கள் வாயில் நிலைத்தது ‘செஞ்சி’ என்ற பெயரே.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி.

பள்ளிவாசலும் நாட்டுப்பாடலும்

ராஜகிரியின் அடிவாரக் கோட்டைக்குள், புதுச்சேரி வாயிலின் அருகே, சாதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெயரால் 1717-18இல் எழுந்த கட்டடம் இது. இதன் எதிரில் பிள்ளைகளை நிறுத்தி, இது எழுந்ததற்கு முன் நடந்ததையும் பெற்றோர் சொல்ல வேண்டும்.

அப்போது செஞ்சியை ஆண்டவர் தேஜ் சிங் என்னும் இளம் ராஜபுத்திரர். தமிழ் மக்களுக்கு அவர் ‘தேசிங்கு ராஜா’. தந்தை சொரூப் சிங் இறந்தபின் செஞ்சிக்கு வந்த அவர், நவாபுக்குக் கப்பம் செலுத்த மறுத்தார். சில நூறு குதிரை வீரரோடு பெரும்படையை எதிர்த்து, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டார். ஓராண்டு கூட நிறையாத ஆட்சி அது. அவருக்குத் தோள் கொடுத்து உடன் மடிந்தவர் ஒரு முஸ்லிம் வீரர், மகபத் கான். திருமணப் பந்தலில் இருந்த அவர், நண்பனின் அழைப்பு வந்ததும் மணக்கோலத்தைக் களைந்துவிட்டு நீலவேணிக் குதிரையில் ஏறிச் சென்றதாகத் ‘தேசிங்குராஜன் கதை’ கூறுகிறது. செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் அவருடைய அடக்கத்தலத்தை ஊரார் இன்றும் காட்டுகின்றனர்.

இந்தப் போரில் ஒரு பக்கம் நவாப், மறுபக்கம் ராஜா. ராஜாவுக்காக உயிர்விட்டவரோ முஸ்லிம். போர் அரசுரிமைக்கும் கப்பத்துக்குமாக நடந்ததேயன்றி மார்க்கத்துக்காக நடந்ததன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவியின் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயரிட்டார் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு.

வென்றவர் கல்லில் பள்ளிவாசல் எழுப்பினார். தோற்ற இரு நண்பர்களையோ நாட்டுப்புறப் பாடகர்கள் தங்கள் நாவில் வாழவைத்தனர். இரண்டும் நமக்குரிய வரலாறே. பழைய போர்களைக் காட்டி அண்டை வீட்டாரிடையே பகை மூட்டும் பேச்சுகள் பெருகிவரும் இக்காலத்தில், இந்த இடத்தில் நின்று பிள்ளைகள் கேட்கும் கதை அவர்கள் நெஞ்சை விட்டு எளிதில் அகலாது.

நடந்து பார்க்க வேறு இடங்கள்

செஞ்சி ஊருக்கு வடக்கே சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர் குன்று உள்ளது. ஏற்றம் சிறிது. அதன் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரைக் குறிக்கும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர் பெரிதும் மதிப்பது அது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு வரும் சாலையில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிப் பாறையைக் குடைந்தே ஒரு கோயிலைச் செய்து, அச்செய்தியைக் கல்வெட்டிலும் பொறித்து வைத்த இடம் அது. பேருந்தை விட்டிறங்கிச் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைப் பிள்ளைகள் அங்கே கண்ணாரக் காணலாம்.

புறப்படுமுன் சில கவனங்கள்

நவம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். சித்திரை, வைகாசி வெயிலில் பாறை அடுப்புக்கல் போல் கொதிக்கும். மழை நாளில் படிகள் வழுக்கும். ராஜகிரி ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் என்று கொள்ளலாம். எனவே ஃபஜ்ரு தொழுதவுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் மலையேறத் தொடங்குவது நன்று. பொழுது சாயத் தொடங்கியபின் மேலே ஏற முற்படக் கூடாது. இறங்கியபின் லுஹர் தொழுகைக்குச் செஞ்சி ஊருக்குள் பள்ளிவாசல்கள் உள்ளன.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். குரங்குகள் ஏராளம். உணவுப் பையைக் கையில் தொங்கவிடாமல், இறுக மூடி முதுகில் சுமக்க வேண்டும். நன்கு பிடிப்புள்ள காலணி தேவை. முட்டிவலி உள்ள முதியவர்களும் கைக்குழந்தை உள்ள தாய்மார்களும் மலையேற முடியவில்லையே என்று வீட்டில் தங்கிவிட வேண்டாம். கல்யாண மகால், வளைந்த கூரையுள்ள தானியக் களஞ்சியம், யானைக்குளம், பள்ளிவாசல் ஆகிய யாவும் அடிவாரத்திலேயே உள்ளன. அவர்கள் நிழலில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் ஏறி வரலாம். ஆண்டு முழுதும் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நடக்கும் நம் பெண்களுக்கு, ஒரு நாளாவது திறந்த வானத்தின் கீழ் நடக்கும் வாய்ப்பைக் குடும்பத்தார் அளித்தாக வேண்டும்.

பாறைகளில் பெயரைக் கிறுக்குவதும், தண்ணீர்ப் புட்டிகளை வீசி எறிவதும் நம் பிள்ளைகள் செய்யக்கூடாத செயல்கள். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் நற்செயலென்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். நாமே அங்கு இடையூற்றை விட்டு வரலாமா? கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை போதும்.

உலகப் பாரம்பரியச் சின்னமென்ற அறிவிப்பைக் கேட்டு, இனித் தொலைதூரத்து மக்களும் செஞ்சியைத் தேடி வருவார்கள். பக்கத்திலேயே வாழும் நம் பிள்ளைகள் அதனைப் பேருந்துச் சன்னல் வழியே மட்டும் பார்த்து வளர்ந்தால், மகபத் கானின் கதையை அவர்களுக்கு வேறு யாரோ, வேறு விதமாகச் சொல்லிவிடக்கூடும். வரும் விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் செஞ்சிக்கு ஒரு சீட்டுக் கேளுங்கள்.