உங்களுக்குத் தெரியுமா? கூடைப்பந்தில் வளையத்தடியில் ஆடும் நெட்டை சென்டர்களின் பலமும் பலவீனமும்!

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன் சத்னம் சிங். உயரம் 7 அடி 2 அங்குலம்! 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர் தேர்வில், இடம்பிடித்த முதல் இந்தியர்! எத்தனையாவது ஆளாக? 52!

அதே சத்னம் என்பிஏ லீக் ஆட்டத்தில் எத்தனை முறை இறங்கினார்? பூஜ்யம்! அப்புறம் என்ன செய்தார் என்கிறீர்களா? 2022-ல் அமெரிக்க மல்யுத்த மேடையில் ஏறிவிட்டார்!

கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி சிம் புல்லர் இன்னும் உயரம். 7 அடி 5 அங்குலம்! 2015 ஏப்ரல் 7, முதல் என்பிஏ ஆட்டம். களத்தில் நின்ற நேரம்? வெறும் 16 விநாடி!

தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ், 6 அடி 2 அங்குல சென்டர். ஆரம்பத்தில் ஆடியது வாலிபால்! 2011-ல் அமெரிக்க மகளிர் லீக்கில் அவரை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தவை ஒன்றல்ல, 3 அணிகள்!

கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடிய சென்டர் ஜார்ஜ் மைக்கன். வளையத்தடியில் நின்றால் அசைக்கவே முடியாது. வேறு வழி? 1951-ல் மைதானக் கோட்டையே அழித்து வரைந்தார்கள்! வளையத்தடியில் இருந்த 6 அடி அகலப் பாதை 12 அடி ஆனது!

ஷாக்கில் ஓ'நீல், வளையத்தடியில் அசுரன்! யாரும் மறிக்காத ஃப்ரீ த்ரோவில் கோட்டைவிட்டது எத்தனை? 5,317! மூன்று புள்ளி ஷாட்? வாழ்நாள் முழுக்க உள்ளே விழுந்தது ஒன்றே ஒன்று!

வில்ட் சேம்பர்லேன் 1962-ல் ஒரே ஆட்டத்தில் எடுத்தது 100 புள்ளி! ஃப்ரீ த்ரோவில் அவரும் சொதப்பல்தான். ஆனால் அந்த சீசனில் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலை மடக்கி, கீழிருந்து மேலே தூக்கிப் போட்டார். 100 புள்ளி எடுத்த அன்று 32-க்கு 28 உள்ளே! அப்புறம் வெட்கப்பட்டு அந்த முறையையே விட்டுவிட்டார்!

சீனாவின் யாவ் மிங், 7 அடி 6 அங்குலம். ஃப்ரீ த்ரோவில் 83 சதவீதம்! பிறகென்ன பலவீனம்? பாதம்! அத்தனை உயரத்தையும் தாங்கிய பாத எலும்பு முறிந்து முறிந்து, ஓய்வு பெறும்போது வயது 30!

குதிக்கவே தெரியாதவர் என்று கிண்டலடிக்கப்படும் சென்டர், செர்பியாவின் நிகோலா யோகிச். 2014 டிராஃப்டில் 41-வது ஆள். டிவியில் அவர் பெயர் ஓடியபோது விளம்பரம் போய்க்கொண்டிருந்தது! இன்று அவர் கையில் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது 3!

இப்படிப்பட்ட நெட்டையர்களை நேரில் பார்க்க வேண்டுமா? சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி கோவையில் இறங்குங்கள்! அங்கே நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி 50 முறைக்கு மேல் நடந்தாகிவிட்டது! ஃப்ரீ த்ரோ கோட்டில் சென்டர் வந்து நிற்கும்போது முகத்தைப் பாருங்கள்!

உங்களுக்கும் ஒரு சவால்! பக்கத்துப் பள்ளி மைதானத்தில் வளையம் இருக்கிறதா? 15 அடி தள்ளி நின்று 10 பந்து போடுங்கள். 6 விழுந்ததா? ஷாக்கை மிஞ்சிவிட்டீர்கள்! அவர் சராசரி 5.3!