முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்: மாற்றப்பட்ட கைத்தொலைபேசியை நிறுவன மென்பொருளுக்குத் திருப்புவது எப்படி?

எமது வீடுகளில் இருக்கும் கைத்தொலைபேசிகள் பல, கடையில் பெட்டி பிரித்து வாங்கியவை அல்ல. கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் உறவினர் தமக்குப் புதிது வாங்கியபோது ஊருக்குக் கொடுத்துவிட்டவை, அல்லது பட்டினத்துக் கடையில் பாவித்த போன் என்று அரை விலைக்கு எடுத்தவை. அவற்றில் சில, எமது கைக்கு வருவதற்கு முன்பே உள்ளே மாற்றப்பட்டவையாக இருக்கின்றன. ஒரு நாட்டின் சிம்முக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருந்ததைத் திறக்கவோ, தமிழ் எழுத்து வடிவத்தைப் புகுத்தவோ, பழைய போனில் புதிய அன்ட்ரொய்ட்டை ஓட்டவோ யாரோ ஒருவர் அதன் மூல மென்பொருளில் கை வைத்திருப்பார்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. போனைப் போட்டவுடன் 'பூட்லோடர் திறந்திருக்கிறது' என்ற கருத்துப்பட ஓர் ஆங்கில எச்சரிக்கை வரும். வங்கிச் செயலி திறக்க மறுக்கும். மென்பொருள் அப்டேட் வராது, வந்தாலும் இறங்காது. மஜிஸ்க் அல்லது சூப்பர்எஸ்யூ என்ற பெயரில் நீங்கள் போடாத ஒரு செயலி இருக்கும். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில், 'எபௌட்' பகுதியில், இந்தக் கருவி சான்று பெற்றதா இல்லையா என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்தால் பாதி விடயம் தெரிந்துவிடும்.

கிளிநொச்சிப் பக்கம் அயலவர்களின் போன்களைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். அப்படி வருபவர்களில் அநேகமானோர் ஏற்கெனவே ஒரு கடைக்குப் போய் வந்தவர்கள். 'ரீசெட் அடிச்சா எல்லாம் சரி' என்று அங்கே சொல்லியிருப்பார்கள். இந்த ஒரு வசனத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ரீசெட் அடித்தால் மாற்றப்பட்ட மென்பொருள் போகாது. ஆனால் உங்களுடைய படங்கள் எல்லாம் போய்விடும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்லோடர் என்பது படலையில் நிற்கும் காவலாளி. உள்ளே வருவது நிறுவனம் கையொப்பமிட்ட மென்பொருள்தானா என்று பார்த்துவிட்டே அவர் விடுவார். சுவரும் கூரையும் அன்ட்ரொய்ட் இயங்குதளம். வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள் உங்களுடைய படங்கள், இலக்கங்கள், வட்ஸ்அப் செய்திகள். போனை ரூட் செய்பவர் முதலில் காவலாளியை அனுப்பிவிடுகிறார், பிறகு சுவரை மாற்றுகிறார். பெக்டரி ரீசெட் சாமான்களை மட்டும்தான் வெளியே எறிகிறது. மாற்றிக் கட்டிய சுவர் அப்படியே நிற்கும், காவலாளியும் திரும்பி வரமாட்டார். நிறுவனத்தின் மூல மென்பொருளை முழுமையாக எழுதி, பூட்லோடரை மறுபடி பூட்டினால்தான் போன் பழைய நிலைக்கு வரும். இதைத்தான் கடைக்காரர்கள் 'பிளாஷ் அடிப்பது' என்கிறார்கள்.

எல்லா மாற்றமும் கெட்டதல்ல என்பதையும் சொல்லவேண்டும். நிறுவனம் கைவிட்ட பழைய போனுக்கு லினியேஜ் ஓ.எஸ். போன்ற திறந்த மென்பொருள் இன்னும் சில ஆண்டுகள் உயிர் கொடுக்கும். வங்கி வேலை இல்லை, யார் போட்டது என்பதும் தெரியும் என்றால், அதை அப்படியே விடுவதுதான் என் அபிப்பிராயம். யார் மாற்றினார், எதைப் புகுத்தினார் என்று தெரியாத போன்தான் பிரச்சினை. ரூட் அதிகாரம் உள்ள ஒரு செயலி, மற்றச் செயலிகளின் தகவல்களையும் எடுத்துப் பார்க்கக்கூடியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கண்காணிக்கப்படுவது பற்றி ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. போராட்டக் கொட்டகையில் இருக்கும் ஒரு தாய் 'என்ர போனை ஆரோ பாக்கினம் போல' என்று சொன்னால், அதைப் பயம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை.

ஆனால் அப்படிச் சந்தேகம் வந்தால், பிளாஷ் அடிப்பதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தைத் திறவுங்கள். உங்கள் கணக்கு வேறொரு கணினியில் திறந்திருந்தால் அங்கே தெரியும். கூகுள் கணக்கிலும் இதேபோல் எந்தெந்தக் கருவிகள் நுழைந்திருக்கின்றன என்ற பட்டியல் உண்டு. போனை எத்தனை தடவை புதிதாக எழுதினாலும் இந்தக் கதவுகள் மூடாது. கடவுச்சொல்லை மாற்றி, அறியாத கருவிகளை வெளியேற்றினால்தான் மூடும்.

இனி முக்கியமான விடயம். பிளாஷ் அடிக்கும்போதும், பூட்லோடரைப் பூட்டும்போதும் போன் முழுவதும் அழியும். அழிந்ததை மீட்கலாம் என்று எவராவது காசு கேட்டால் நம்பவேண்டாம். அண்மைக்கால அன்ட்ரொய்ட் போன்களில் தகவல்கள் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அழிக்கும்போது அதற்கான சாவியும் அழிகிறது. சாவி போனபின் உள்ளே இருப்பது வெறும் குப்பை.

இது வேறு ஊர்களில் உள்ளவர்களுக்கு நாலு விடுமுறைப் படங்கள் போன கதையாக இருக்கலாம். எமக்கு அப்படியல்ல. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். 2009 இற்குப் பிறகு, உறவினர் வீட்டுச் சுவரில் தொங்கிய கலியாணப் படத்திலிருந்து மகனின் முகத்தை மட்டும் போனில் படம் பிடித்து, அதையே ஒரே பிரதியாக வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் என்னிடமும் போனைக் கொண்டுவந்தார். அந்தப் படத்தோடு, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும் அதே போனில்தான் இருந்தன. மூலக் கடிதம் சிலது மழையில் நனைந்து போய்விட்டதாம். வங்கிச் செயலி வேலை செய்யவில்லை என்பதுதான் அவர் சொன்ன குறை. அன்று நாங்கள் பிளாஷ் அடிக்கவில்லை, பிற்பகல் முழுவதும் பிரதி எடுத்தோம்.

பிரதி எடுக்கும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அவை சுருங்கிவிடும், எடுத்த திகதி, இடம் போன்ற உட்குறிப்புகளும் போய்விடும். ஒரு காயத்தின் படமோ, ஒரு காணியின் படமோ நாளைக்குச் சாட்சியாகத் தேவைப்பட்டால் அந்தத் திகதிதான் பெறுமதி. எனவே 'டொக்கியுமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றுங்கள். கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வெளிநாட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். மாற்றியபின் நாலைந்து படங்களைக் கணினியில் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் வந்து படம் வராத சந்தர்ப்பங்களும் உண்டு.

மெமரி கார்ட்டில் இருப்பது பத்திரம் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கார்ட்டை போனிலேயே என்கிரிப்ட் செய்திருந்தால், ரீசெட்டுக்குப் பிறகு அதே போனும் அதைப் படிக்காது. முதலில் அதை நீக்கிவிட்டுக் கார்ட்டைக் கழற்றி எடுங்கள். வட்ஸ்அப்பில் கூகுள் கணக்குக்கு 'பக்கப்' எடுக்கும்போது கடவுச்சொல் போட்டிருந்தால், அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அது மறந்தால் வட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

அடுத்தது கூகுள் கணக்கு. 2015 இல் வந்த அன்ட்ரொய்ட் 5.1 தொடக்கம் ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறது. கணக்கை நீக்காமல் வெளியிலிருந்து ரீசெட் அடித்தால், போன் மறுபடி திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது லண்டனில் இருக்கும் மச்சானின் கணக்காக இருந்தால், அவர் வேலை முடிந்து போன் எடுக்கும்வரை நீங்கள் காத்திருக்கவேண்டியதுதான். செட்டிங்ஸில் போய்க் கூகுள் கணக்கையும் சம்சுங் கணக்கையும் முதலே நீக்கிவிடுங்கள். *#06# அடித்தால் வரும் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தையும் குறித்து வையுங்கள்.

எம்மிடையே அதிகம் பாவனையில் இருப்பது சம்சுங் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன். முதலில் சரியான மாடல் இலக்கம் வேண்டும். ஒரே கலக்ஸி பெயரில் ஐரோப்பாவில் விற்கப்பட்டதும் கனடாவில் விற்கப்பட்டதும் வேறு வேறு. மாடல் இலக்கத்தின் கடைசி எழுத்தில் அது தெரியும். கனடாப் போன்களில் பெரும்பாலும் டபிள்யூ என்று முடியும். மாற்றப்பட்ட மென்பொருள் செட்டிங்ஸில் பொய்யான மாடலைக் காட்டக்கூடும். ஆகவே போனின் முதுகிலோ பெட்டியிலோ அச்சிட்டிருப்பதையும் பாருங்கள்.

அந்த மாடலுக்குரிய மென்பொருள் சில ஜீபி அளவு வரும். இரவு டேட்டா உள்ளவர்கள் இரவில் இறக்கலாம். மென்பொருளின் நீண்ட இலக்கத்தில், கடைசியிலிருந்து ஐந்தாவதாக இருக்கும் எழுத்து பூட்லோடரின் பதிப்பைக் குறிக்கும். போனில் ஏற்கெனவே இருப்பதைவிட அது குறைவாக இருந்தால் போன் ஏற்றுக்கொள்ளாது. பழைய அன்ட்ரொய்ட்தான் வேகம் என்று பின்னோக்கிப் போக நினைப்பவர்கள் இங்கேதான் முட்டுப்படுகிறார்கள்.

எழுதுவதற்கு ஒடின் என்ற விண்டோஸ் மென்பொருள் தேவை. இது சம்சுங்கின் உள்வேலைக்கான கருவி, பொதுமக்களுக்கென்று நிறுவனம் வெளியிட்டதல்ல. அதனால் பெயர் தெரியாத தளங்களில் வைரஸோடு கிடைப்பதும் உண்டு, கவனம். போனை நிறுத்திவிட்டு, ஒலி கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி கேபிளைச் செருகினால் புதிய மாடல்கள் டவுன்லோட் மோடுக்குப் போகும். பழையவற்றில் ஒலி குறைக்கும் பொத்தான், ஹோம், பவர் மூன்றையும் அழுத்தவேண்டும். மென்பொருள் பொதியை விரித்தால் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று தொடங்கும் பைல்கள் இருக்கும். ஒடினில் அதே பெயருள்ள இடங்களில் அவற்றை வையுங்கள். 'ஹோம் சிஎஸ்சி' என்று இன்னொன்றும் இருக்கும். அது தகவல்களை அழிக்காமல் விடுவது. கேட்க நல்லாக இருந்தாலும், மாற்றப்பட்ட போனில் அதைப் போடுவதை நான் விரும்புவதில்லை. பழைய மென்பொருளின் மிச்சங்கள் புதியதோடு ஒத்துப்போகாமல் போன் திரும்பத் திரும்ப நின்று தொடங்கும். பிரதி எடுத்தாகிவிட்டதுதானே, முழுமையாக அழிப்பதையே போடுங்கள். 'ரீபார்ட்டிஷன்' என்ற பெட்டியை மட்டும் தொடவேண்டாம்.

எழுதத் தொடங்கினால் சில நிமிடங்களுக்குக் கேபிள் அசையக்கூடாது, மின்சாரம் போகக்கூடாது. 2022 இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் மேசைக் கணினியில் இந்த வேலை செய்வது சூதாட்டம் மாதிரி. இன்றைக்கும் லப்டொப்தான் நல்லது. போனின் பட்டரியும் பாதிக்கு மேல் இருக்கவேண்டும். பச்சை நிறத்தில் 'பாஸ்' என்று வந்தால் முடிந்தது. முதல் தடவை திறக்க நீண்ட நேரம் எடுக்கும், பதறி நிறுத்திவிடவேண்டாம்.

இதற்குப் பிறகுதான் பூட்லோடரைப் பூட்டவேண்டும். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. மாற்றப்பட்ட மென்பொருள் உள்ளே இருக்கும்போதே பூட்டினால், திரும்பி வந்த காவலாளி அந்த வீட்டையே ஏற்கமாட்டார், போன் திறக்காது. சம்சுங்கில் டவுன்லோட் மோடின் எச்சரிக்கைத் திரையில் ஒலி கூட்டும் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் பூட்டும் வசதி வரும். அப்போது இன்னொரு தடவை எல்லாம் அழியும். எனவே பூட்டி முடிக்கும்வரை படங்களைத் திரும்பப் போடவேண்டாம்.

கூகுள் பிக்சல் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். கூகுளின் சொந்த இணையக் கருவி உலாவியிலிருந்தே எழுதித் தரும். ஷாவோமியில்தான் ஆபத்து. அதன் கருவியில் 'எல்லாவற்றையும் அழித்துப் பூட்டு' என்ற தெரிவு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். சீனச் சந்தைக்குச் செய்த போனில் உலகப் பதிப்பு மென்பொருளை எழுதி அந்தத் தெரிவோடு பூட்டினால் போன் முடங்கிவிடும். அப்படியானவற்றில் பூட்டாமல் விடுவதே உத்தமம்.

திரும்பக் கிடைக்காத ஒன்றும் உண்டு. சம்சுங்கில் நொக்ஸ் என்ற பாதுகாப்புக்கு ஒரு மின் உருகி போன்ற அமைப்பு இருக்கிறது. மாற்றிய மென்பொருள் ஒரு தடவை ஓடினாலே அது எரிந்துவிடும், எந்த மென்பொருளும் அதைத் திருத்தாது. 'செக்கியுர் போல்டர்' இனி அந்தப் போனில் வராது. வங்கிச் செயலிகள் அநேகமாக வேலை செய்யும்.

கடையில் கொடுத்துத்தான் செய்விக்கவேண்டும் என்றால், சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள், முடியுமானால் அங்கேயே இருந்து பாருங்கள். திரும்ப வாங்கும்போது *#06# அடித்து, குறித்து வைத்த இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். அந்த இலக்கத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் சரிபார்க்கலாம். பிளே ஸ்டோரில் சான்று வந்திருக்கிறதா, அப்டேட் இறங்குகிறதா என்பதையும் கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சிம்மைப் போட்டு, பழைய கூகுள் கணக்கால் நுழைந்து, அதன் பிறகு வட்ஸ்அப்பைப் போடுங்கள். இலக்கத்தை உறுதிப்படுத்தியவுடன் 'ரீஸ்டோர்' என்று கேட்கும். அவசரத்தில் 'ஸ்கிப்' அழுத்தினால் திரும்பக் கேட்காது, செயலியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கவேண்டி வரும்.