நொய்யலும் ஆலை முதலாளிகளும்

கோயமுத்தூரில் தர்மத்துக்குப் பங்கு வைப்பது புதிய வழக்கமல்ல. 1926-ம் வருஷத்தில் பீளமேட்டு பி. எஸ். ஜி. சகோதரர் நால்வர், குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகிர்ந்து, ஐந்தாவது பங்கைத் தர்ம ஸ்தாபனத்துக்கு ஒதுக்கினர். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்றோ, 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, பெருங் கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 100-க்கு 2 பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டுமென விதிக்கிறது.

அச்சட்டம் பிறக்குமுன்னரே, 2003-ல், இந்நகரத் தொழிலதிபர்களும் பொதுஜன ஊழியர்களும் கூடிச் 'சிறுதுளி' ஸ்தாபனத்தைத் தொடங்கினர். குளங்களைத் தூர்வாரி, வாய்க்கால்களைத் திருத்தி, நொய்யலுக்கு உயிரூட்டுவது அதன் நோக்கம். 2013-ல் உக்கடம் பெரியகுளத்தில் ஜனங்கள் திரண்டு மண் அள்ளினர். பணத்தோடு ஊராரின் கையும் சேர்ந்தாலன்றி இத்தகைய வேலை நடவாது; இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் ஒன்றை மறைப்பதற்கில்லை. வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கும் இதே ஆற்றில்தான் திருப்பூர்ச் சாயக் கழிவு ஓடிற்று. ஒரத்துப்பாளையம் அணை விஷக் குட்டையாயிற்று. கோர்ட்டுப் படியேறியவர்கள் நொய்யல் பாசன விவசாயிகள். 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது.

நன்கொடை பெறும் சங்கம், கொடுப்பவரின் கழிவு நீரைப்பற்றி வாய் திறக்குமா? எவரையும் சுட்டி நாம் இதைக் கேட்கவில்லை, பொதுவாகவே கேட்கிறோம். இவ்வித ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் கடைமடை விவசாயிக்கு ஓர் ஆசனம் வேண்டும். கம்பெனி கொடுத்த ரூபாயின் கணக்கோடு, அது ஆற்றில் விட்ட நீரின் கணக்கையும் குளக்கரைப் பலகையில் தமிழில் எழுதி வைக்கட்டும்.