மேஸ்திரி அவசரப்பட்டால்

“அத்லான் 3000ஜி பிராசசர் போட்ட கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். ஓவர்க்ளாக் செய்தால் பைசா செலவில்லாமல் வேகம் கூடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். செய்யலாமா?” என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம். ‘பைசா செலவில்லாமல்’ என்பதில்தான் வழக்கு.

2019 நவம்பரில் ஏஎம்டி நிறுவனம் 49 டாலர் விலையில் வெளியிட்ட பிராசசர் அது. வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 35 மடங்காக்கி இந்த வேகம் கிடைக்கிறது. இவ்வளவு மலிவான பிராசசர்களில் அந்தப் பெருக்கியைப் பூட்டிவைப்பதுதான் வழக்கம். இதில் திறந்தே விட்டார்கள். பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் 35-ஐ 39 ஆக்கினால் 3.9 கிகாஹெர்ட்ஸ். பலருக்கு இது கைகூடுகிறது. எப்படிக் கைகூடுகிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

3.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே 286 பைகோ நொடி இருக்கிறது. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பைகோ நொடி. 3.9-க்குப் போனால் இந்த இடைவெளி 256 ஆகச் சுருங்கும். நாம் பிடுங்கிக்கொள்ளும் 30 பைகோ நொடியில் ஒளியே 9 மில்லிமீட்டர்தான் நகரும். இந்தத் துளி நேரத்தில் யாருக்கு என்ன நஷ்டம்?

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறி மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி குரல் கொடுக்கக் கொடுக்க, எல்லாச் சட்டிகளும் ஒரு கை நகர வேண்டும். தரையில் நிற்பவர்களுக்குச் சிரமமில்லை. சாரத்தின் மேல் நின்றுகொண்டு, குனிந்து வாங்கி, நிமிர்ந்து தலைக்கு மேல் நீட்டுகிறாரே ஒருவர், அவருக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். குரல் மேஸ்திரியுடையது, தாளம் சாரத்துக்காரருடையது.

சிப்புக்குள்ளும் இதே கதை. ஒரு துடிப்பில் புறப்படும் சமிக்ஞை, சில லாஜிக் கேட்களைத் தாண்டி, அடுத்த துடிப்புக்கு முன்னால் பிட்டைப் பிடித்துவைக்கும் அடுத்த ஃபிளிப்ஃபிளாப்பின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இப்படி லட்சக்கணக்கான பாதைகள் இருந்தாலும், மிக நீளமான பாதைதான் வேகத்தின் உச்சவரம்பைச் சொல்கிறது. அந்தப் பாதைக்கும் எப்போதும் முழு நேரம் தேவைப்படுவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கூட்டல் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 5000-உடன் 1-ஐக் கூட்டினால் கடைசி இலக்கத்தோடு வேலை முடிந்தது. 9999-உடன் 1-ஐக் கூட்டினால் மீதி ஒவ்வோர் இலக்கமாக இடப்பக்கம் ஏறிக்கொண்டே போக வேண்டும். இரும எண்களிலும் அப்படியே. அதாவது, அளவுக்கு மீறி முடுக்கிய பிராசசர் ஆயிரம் கோடிக் கூட்டல்களைச் சரியாகப் போட்டுவிட்டு, ஏதோ ஓர் ஏடாகூடமான எண் ஜோடியில் மட்டும் கோட்டைவிடலாம்.

உடனே கம்ப்யூட்டர் நின்றுபோனால் அது அதிர்ஷ்டம். பாதி சிந்திய சட்டி மேலே போனாலும் தளம் பார்வைக்கு வழவழப்பாகத்தான் முடியும். மழைக்காலத்தில் ஒழுகும்போதுதான் சேதி தெரியும். ஒரு பிட் பிசகிச் சேமிக்கப்பட்ட கோப்பும் மாதக்கணக்கில் நல்லபிள்ளையாகக் கிடக்கும்.

சாரத்துக்காரரைச் சுறுசுறுப்பாக்க ஒரு வழி உண்டு: டீ. சிப்பில் அதற்குப் பெயர் வோல்டேஜ். கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் சீக்கிரம் திறந்து மூடும். ஆனால் அவருக்கு மட்டும் டீ கொடுக்க முடியாது. கோருக்குள் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஊற்ற வேண்டும். அது போதாதென்று பில் வர்க்கக் கணக்கில் வரும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடும், அதன்மேல் அதிர்வெண்ணோடும் பெருகுகிறது. வோல்டேஜை 10 சதவீதம், வேகத்தை 11 சதவீதம் கூட்டினால் மின்செலவும் சூடும் ஏறத்தாழ 35 சதவீதம் கூடும். பதினொரு டீக்குப் பன்னிரண்டு டீயின் காசு வாங்கும் கடை எந்த ஊரிலும் இல்லை என்பதால், உவமையை இங்கே இறக்கிவைத்துவிடலாம். சூடு ஏறினால் சுற்றுகள் மறுபடி மந்தமாகும். மிகை மின்னோட்டம் வருடக்கணக்கில் ஓடினால், கம்பிகளின் உலோக அணுக்களையே இடம்பெயர்த்துவிடும்.

அப்படியானால் அந்த 400 மெகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? அது தயாரிப்பாளர் ஒதுக்கிவைத்த காப்பு. ஒரே வேஃபரில், அதாவது ஒரே சிலிக்கான் தகட்டில் பிறந்த சிப்புகளில் சில தேறும், சில சுமாராக இருக்கும். அந்தச் சுமாரான சிப்பும், புழுக்கமான அறையில், மலிவான ஃபேனோடு, சில வருடம் தேய்ந்த பிறகும் பிசகாமல் ஓட வேண்டும் என்றுதான் லேபிளில் எண் போடுகிறார்கள். ஓவர்க்ளாக் செய்பவர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை, காப்புத்தொகையைச் செலவழிக்கிறார்.

சரித்திரமும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஆட்கள் கோபிப்பார்கள். 1998 ஆகஸ்டில் இன்டெல் 149 டாலருக்கு விற்ற செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக்கியதும் பெரும்பாலானவை 450-இல் ஓடின. தானாகவே 66-ஐத் தேர்ந்துகொள்ளும் போர்டுகளை ஏமாற்ற, பி21 என்ற பின்மேல் துண்டு டேப் ஒட்டினார்கள். அதே மாதம் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை 669 டாலர். அதன் கேச் என்ற உடனடி நினைவகம் வெளியே தனிச் சிப்புகளில் பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் கேச் சிறியது, ஆனால் பிராசசருக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. காப்பு அவ்வளவு தாராளமாக இருந்ததற்குக் காரணம் இயற்பியல் அல்ல, விலைப்பட்டியல். மலிவுச் சரக்கு வேண்டும் என்பதற்காக நல்ல சிப்புகளுக்கும் சின்ன எண்ணை ஒட்டினார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது. இப்போதைய பிராசசர்களில் பெரும்பாலானவை டர்போ என்ற பெயரில், சூட்டையும் மின்னோட்டத்தையும் நொடிக்கு நொடி அளந்து, காப்பைத் தாங்களே தின்றுவிடுகின்றன. டர்போ இல்லாத 3000ஜி ஒரு விதிவிலக்கு. இதற்கும் ஒரு முட்டுக்கட்டை: இதோடு சேர்த்து விற்கப்பட்ட மலிவான ஏ320 மதர்போர்டுகள் ஓவர்க்ளாக்கை அனுமதிப்பதில்லை. பி450 போர்டு வாங்கினால் ‘இலவச’ வேகத்துக்கு ரசீது வந்துவிடும்.

கிடைப்பதும் முழுதாக 11 சதவீதம் அல்ல. ரேமுக்கும் டிஸ்குக்கும் காத்திருக்கும் நேரத்தை எந்தப் பெருக்கியும் குறைக்காது. மாணவர் விளையாடுபவர் என்றால், 3000ஜியின் கிராஃபிக்ஸ் பகுதிக்குச் சொந்த நினைவகம் இல்லை, ரேமில்தான் குடித்தனம். ஒரே ரேம் குச்சி இருந்தால் இன்னொன்றைச் செருகுங்கள், தரவு வரும் பாதை இரட்டிப்பாகும். காசு இருந்தால் முதலில் அங்கே போடுங்கள். அதன் பிறகும் கை அரித்தால் 36, 37 என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்கில் சோதனை ஓட்டுங்கள், அதுவும் மத்தியான வெயிலில், ஏசி போடாமல். வோல்டேஜைத் தொடாமல் எந்த எண் நிலைக்கிறதோ, அதோடு பயாஸை மூடிவிடுங்கள்.