கடல்மேல் எரியும் எண்ணெய்

திரெங்கானு, சரவாக் கடலில் புதிய எண்ணெய்க் கிணறு தோண்டியதும், அது எவ்வளவு தரும் என்று சோதிப்பார்கள். கரைக்குக் குழாய் இன்னும் போட்டிருக்காது. சேமிக்கக் கப்பலும் இல்லையென்றால், வரும் எண்ணெயை எரித்துவிட வேண்டியதுதான்.

எண்ணெயை அப்படியே கொளுத்தினால் கரும்புகை கக்கும் அல்லவா? அதனால் கடலுக்கு மேல் நீளும் இரும்புக் கையின் நுனியில், அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு எண்ணெயை நறுமணப் புட்டியின் தூவல் போலச் சிதறடிக்கிறார்கள். துளி சிறுத்தால்தான் காற்று நன்றாகக் கலந்து முழுமையாக எரியும். எரியாத துளிகள் கடலில் விழுந்து படலமாகப் பரவும். புகையைவிட அதுதான் பெரிய தலைவலி.

வெப்பம் மேடையைத் தாக்காதிருக்க இடையே நீர்த்திரை பீய்ச்சுவார்கள். இரும்புக் கைகள் பெரும்பாலும் இரண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில். தீயை மேடையிலிருந்து விலக்கி எந்தப் பக்கம் காற்று வீசுகிறதோ, அங்குள்ளதையே பற்றவைப்பார்கள். காற்று திரும்பினால் எண்ணெயை மறுகைக்கு மாற்றுவார்கள். அதுவும் முடியாவிட்டால் கிணற்றை மூடிவிடுவார்கள்.